அத்தான் ஏறும் நாட்கள்

பெப்ரவரி 19

மேலே, எரிமலை வாயடியில், வாயு அளக்கும் பெட்டியின் சூரியத் தகடு உடைந்துவிட்டது. நேற்றைய வெடிப்பில் பறந்த கல் ஒன்று நேராக அதன்மேல் விழுந்திருக்கிறது. புதியது பலெர்மோவிலிருந்து வர வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். "பார்க்கிறோம்" என்று பதில். பார்ப்பார்கள். ஏப்ரல் வரை பார்ப்பார்கள்.

அதுவரை ஒரே வழிதான். அத்தான் பற்றரியைச் சுமந்துகொண்டு எரிமலை வாய் வரை போய், பெட்டியில் மாட்டி, பம்பு அரை மணி நேரம் புகையை உறிஞ்சி அளந்து முடிக்கும்வரை காத்திருந்து, பற்றரியைக் கழற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஆகவே அத்தான் ஏறும் நாட்களில் மட்டும்தான் எங்களிடம் அளவு இருக்கும். மற்ற நாட்களில் மலை என்ன செய்கிறது என்று மலைக்கே வெளிச்சம்.

குளிர்காலத்தில் இந்தத் தீவின் கண்காணிப்பு நிலையத்தில் இரண்டு பேர்தான். கருவிகளுக்கு நான், சுமைக்கு அத்தான், என் அக்காவின் கணவர். எங்கள் தலைவி பியோரென்சா பெருநிலத்தில் இருந்துகொண்டு திரையில் கோடுகளைப் பார்ப்பார்.

சலவை இயந்திரம் ஒழுகுகிறது. நாளை பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 21

இயந்திரத்தைத் திருத்தினேன். இன்னும் ஒழுகுகிறது.

அத்தான் ஒடியற்கூழ் காய்ச்சினார். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மா, அக்கா கொடுத்துவிட்டது. மீன் இந்தக் கடலுடையது. மேலே மலை வழக்கம்போலக் கால் மணிக்கு ஒரு தரம் வெடித்துக்கொண்டிருந்தது. யன்னல் கண்ணாடி ஒவ்வொரு முறையும் கிணுகிணுத்தது.

"உது எப்பிடித் தம்பி வெடிக்குது? உள்ளுக்கு நெருப்போ?"

"நெருப்பில்லை அத்தான். குமிழி."

"குமிழியோ!" அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "பலெர்மோச் சாப்பாட்டுக் கடையில பன்னிரண்டு வரியம் கோப்பை கழுவினனான். சவர்க்காரக் குமிழி ஒண்டும் என்னை இப்பிடி வெருட்டேல்லை."

விளக்கம் சொல்லாவிட்டால் விடமாட்டார். சொன்னேன். பாறைக்குழம்புக்குள் வாயு கரைந்திருக்கிறது. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு பிரிந்து குமிழியாகும். இது பசால்ட் மலை, குழம்பு இளக்கம். குழம்பு மெல்ல ஏறினால் குமிழிகளுக்கு நேரம் கிடைக்கும். ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, குழம்பை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் மேலே வந்து வெடிக்கும். அதுதான் இந்தக் கால் மணிக் கூத்து, ஆபத்தில்லை. ஆனால் ஆழத்திலிருந்து புதுக் குழம்பு வேகமாக ஏறினால் சின்னக் குமிழிகளுக்குப் பிரிய நேரமில்லை. குழம்பையும் தூக்கிக்கொண்டு முழுக்க நுரையாகப் பொங்கிச் சிதறும். அப்போது மேலே நிற்கிறவன் செத்தான்.

அத்தான் பானையைப் பார்த்தார். "அப்ப முதலாவது, கூழ் கொதிக்கிற மாதிரி. புளுக், புளுக் எண்டு ஒவ்வொண்டா உடையும். மற்றது பால் பொங்கிற மாதிரி."

ஏறக்குறைய சரி. திருத்தப் பொறுமை இல்லை.

"பால் பொங்கப் போகுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கரியமில வாயு கூடும். அது ஆழத்திலேயே முதல் பிரிஞ்சிடும். கந்தக வாயு மேல வந்தாப் பிறகுதான் பிரியும். முதலாவது மட்டும் ஏறுதெண்டா அடியில புதுச்சரக்கு வருதெண்டு அர்த்தம். அதைத்தான் உங்கட பெட்டி அளக்குது."

"என்ர பெட்டி," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு எனக்கு இன்னொரு அகப்பை கூழ் ஊற்றினார்.

கோப்பை கழுவிக் கழுவி அவர் கைத்தோல் முழுக்க வெடித்து இரத்தம் வந்தது. அதனால்தான் போன ஐப்பசியில் இந்த வேலைக்கு அவர் பெயரை நான் கொடுத்தேன். கை இப்போது ஆறிவிட்டது. இருபது கிலோ பற்றரியைக் காவிக்கொண்டு ஆடு மாதிரி ஏறுகிறார். நல்ல முடிவுதான்.

பெப்ரவரி 24

அத்தான் ஏறினார். கரியமில வாயு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கந்தகம் வழக்கம்போல. அதுவும் பத்து நிமிடம் ஏறி, பிறகு இறங்கியிருக்கிறது. மலை பத்து நிமிடத்துக்கு மட்டும் மனம் மாறுமா? சென்சர் பழுதாக இருக்கலாம்.

பெப்ரவரி 25

சென்சர் பழுதில்லை.

பக்கத்து மேட்டில் வெப்பக் கமரா ஒன்று இருக்கிறது. சூடானதெல்லாம் வெள்ளையாகத் தெரியும். எரிமலை வாயைப் பார்க்க வைத்தது. படத்தின் ஓரத்தில் வாயுப் பெட்டியும் விழும். நேற்றைய பதிவை ஓட்டிப் பார்த்தேன். வெள்ளையாக அத்தான் பெட்டியடியில் குனிகிறார். அவர் காலடியில் அவரைவிடப் பிரகாசமாக ஒரு சின்னப் புள்ளி. பத்து நிமிடம் இருந்து அணைகிறது.

கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன அது?"

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து தன்னையே பார்த்து வியந்தார். "உது நானோ? என்ன தம்பி, பேய் மாதிரி."

"காலடியில?"

"கற்பூரம். அக்கா தந்துவிட்டவள்."

"எவ்வளவு காலமா?"

"முதல் நாள் தொடக்கம். பெரிய இடத்துக்குப் போறம், வெறுங்கையோட போறதே? சின்னக் கட்டிதான்."

எனக்குத் தலை கொதித்தது. முன்பு பெட்டி நாள் முழுக்க அளந்ததால் அந்தப் பத்து நிமிட மேடு கண்ணில் படவில்லை. இப்போது எங்களிடம் இருப்பதே அந்த அரை மணி நேரம்தான். "கற்பூரம் எரிஞ்சா என்ன வரும்? கரியமில வாயு. பெட்டி எதை அளக்குது? கரியமில வாயு. அதின்ர மூக்குக்குக் கீழ வைச்சுக் கொளுத்தியிருக்கிறியள்!"

"காத்து அடிச்சு நூந்துபோகுமெண்டு, பெட்டி மறைவில..."

"விசர் வேலை. உங்களுக்கு உது ஒண்டும் விளங்காது. சுமக்கச் சொன்னா சுமந்துபோட்டு வாங்கோ. அதுக்குத்தான் உங்களை எடுத்தது."

அவர் திரையில் தன்னுடைய வெள்ளை உருவத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

சொன்னது சரி. சொன்ன விதம் கொஞ்சம் கூடிவிட்டது. ஆனால் சொன்னது சரி.

பெப்ரவரி 27

அத்தான் கதைப்பதில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சோறு போட்டு மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்க்கிறார். நானும் வாய் திறக்கவில்லை. ஒரு அறைக்குள் இரண்டு பேர் இப்படி இருப்பது பெரிய கரைச்சல்.

மார்ச் 1

ஏறினார். கரியமில வாயு மறுபடி கூடுதல். இந்த முறை அரை மணி நேரமும் உயர்ந்தபடியே. ஒரு கட்டி போதாது என்று ஒரு பெட்டியையே கொளுத்தினாரோ தெரியாது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மாசுபட்ட அளவு என்று குறித்து நீக்கினேன்.

மார்ச் 4

இன்னும் கூடுதல். மூன்று மடங்கு. நீக்கினேன்.

கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் இன்னொரு சண்டை. கமராப் பதிவைப் பார்க்கலாம். எதற்கு? என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பியோரென்சா அழைத்தார். "உன் வாயுக் கோடு ஏன் காலியாக இருக்கிறது?"

"மனிதத் தலையீடு. சுமைகாரர் பெட்டியடியில் ஏதோ எரிக்கிறார்."

"சிகரெட்டா?"

"அது மாதிரி."

"நிறுத்தச் சொல்லு."

"சொல்லியாயிற்று."

அவர் என்னை நம்புகிறார். நான் இதுவரை பிழை விட்டதில்லை.

மார்ச் 5

சலவை இயந்திரத்தின் இறப்பர் வளையம் வந்தது. அளவு பிழை.

மார்ச் 7

மலை கால் மணி என்பதை மறந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. சின்னச் சின்ன வெடிப்பு. ரொட்டிக் கடைக்காரி மலையைக் காட்டி, "கிழவன் இன்று நல்ல குஷியில் இருக்கிறான்" என்றார். இந்த ஊரில் மலை அடிக்கடி வெடித்தால் மகிழ்ச்சி, பேசாமல் இருந்தால்தான் பயம். நில அதிர்வுக் கோடு சாதாரணம். மலை வீங்குவதை அளக்கிற சரிவுமானியும் சாதாரணம்.

அத்தான் ஏறி இறங்கினார். அளவைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே நீக்கினேன்.

மார்ச் 9, காலை

அத்தான் வெள்ளெனப் போய்விட்டார். வோக்கிடோக்கி மேசையில் சார்ஜில் கிடக்கிறது. எடுத்துப் போகவில்லை. கைத்தொலைபேசி மேலே வேலை செய்யாது. வந்ததும் சொல்ல வேண்டும். கதைக்காத மனிதருக்கு எப்படிச் சொல்வது? தாளில் எழுதி வைக்கலாம்.

அக்கா அழைக்கிறாள்.

மார்ச் 10

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். விசாரணைக்கு வருவார்கள். எனக்கே ஒரு வரிசை வேண்டும்.

அக்கா பலெர்மோவிலிருந்து அழைத்தாள். அடுத்த ஞாயிறு சாந்தா ரோசாலியா கோயில் மலைக்கு நடக்கப் போகிறாளாம். பலெர்மோத் தமிழர், சைவர், வேதக்காரர் எல்லோரும் போகிற இடம். "அத்தான்ர கற்பூரத்தையும் அங்கதான் கொளுத்தோணும்" என்றாள்.

"ஏன், அவர்தான் இங்க கொளுத்துறாரே."

"எங்க கொளுத்துறார்? நீ ஏசினியாம். அண்டைய நாளோட விட்டிட்டன், தம்பியின்ர வேலைக்கு என்னால பிழை வரக்கூடாதெண்டு சொன்னார். எனக்காக நீ ரோசாலியாவில கொளுத்து எண்டவர். உனக்குச் சொல்லேல்லையோ?"

தொலைபேசியை வைத்தேனா, போட்டேனா தெரியாது. கமராப் பதிவுகளை எடுத்தேன். மார்ச் 1. அத்தான் பற்றரியை மாட்டுகிறார். பிறகு பெட்டியைவிட்டு எட்ட நடந்து, இறக்கப் பக்கத்தில் உள்ள பழைய கல் மதிலின் மறைவில் போய்க் குந்துகிறார். தன் மூச்சுக்கூடப் பெட்டியில் படக்கூடாது என்பது போல. புள்ளி இல்லை. மார்ச் 4. மதில் மறைவு. புள்ளி இல்லை. மார்ச் 7. இல்லை.

நான் நீக்கியதெல்லாம் மலை.

நீக்கியதை மீட்டெடுத்தேன். கோடு படி படியாக ஏறிக்கொண்டே போகிறது. ஆழத்துக் குழம்பு ஒரு கிழமைக்கு மேலாக மேலே வந்துகொண்டிருக்கிறது.

நேரலைக் கமராவைத் திறந்தேன். அத்தான் மேலே போய்ச் சேர்ந்திருந்தார். பற்றரி மாட்டியாயிற்று, பெட்டி ஓடுகிறது. அவர் மதில் மறைவில் குந்தியிருந்தார். மடியில் எதையோ வைத்துச் சாப்பிட்டார். அக்கா அனுப்பிய பருத்தித்துறை வடையாக இருக்கும்.

பியோரென்சாவை அழைத்தேன். வெளியே இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். ஊர் அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தினேன். சங்கு கடற்கரையைப் பார்த்து வைத்தது. மேலே கேட்காது. கேட்காது என்று போன வருடம் அறிக்கை எழுதியவனே நான்தான். இங்கிருந்து மேலே ஏற இரண்டரை மணி நேரம். வாசல்வரை ஓடினேன், திரும்பி வந்தேன். சரிவுமானியின் கோடு அப்போதுதான் நிமிரத் தொடங்கியது. மலையின் தோள் வீங்குகிறது. அது தொடங்கினால் பத்து நிமிடம், குறையவும் கூடும்.

இங்கிருந்து மேலே எனக்குக் கீழ்ப்படிகிற பொருள் ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் பம்பு. பழைய குளிர்சாதனப் பெட்டி மாதிரி இரைகிற பம்பு. அதை நிற்பாட்டினேன்.

அவர் தலையைத் திருப்பினார்.

ஓடவிட்டேன். மறுபடி நிற்பாட்டினேன். நான் கூப்பிடுகிறேன் என்று விளங்கும் என நினைத்தேன். வேறு யாரால் அதை நிற்பாட்ட முடியும்? அவர் எழும்பி, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, பெட்டியடிக்கு வந்தார். மூடியைத் திறந்தார். வயர்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். பம்பு நின்றால் மூடியைத் திற, வயரை அமத்து, ஓடும்வரை விட்டுவிட்டு வராதே. நான் பழக்கியது. ஐப்பசியில் இந்த அறையில் வைத்து மூன்று தரம் சொல்ல வைத்துப் பழக்கியது.

ஓடவிட்டேன், போகட்டும் என்று. அவர் மூடியை மூடி, மதில் பக்கம் இரண்டு அடி வைத்தார். அப்படியே விட்டிருக்கலாம். கோடு செங்குத்தாகிவிட்டது. இன்னொரு முறை நிற்பாட்டினால் இறங்கச் சொல்கிறேன் என்று விளங்கும் என்று நிற்பாட்டினேன்.

அவர் திரும்பி வந்தார். இடுப்பில் கை வைத்துப் பெட்டியைப் பார்த்தார். பிறகு எரிமலை வாயைப் பார்த்தார். கமரா இருக்கிற பக்கமும் ஒரு முறை பார்த்தார், நேராக அல்ல, அண்ணளவாக. பொக்கற்றுக்குள் கையை விட்டார். குனிந்தார். காற்றுக்குக் கையை மறைத்துப் பிடித்தார்.

வெள்ளைப் புள்ளி ஒன்று எரிந்தது.

நான் பம்பை ஓடவிட்டேன். திரைக்குக் கத்தினேன். யாழ்ப்பாணத்தில் அயல்வீட்டுக்குக் கேட்கக் கத்துவது மாதிரி. அத்தான், போங்கோ. அத்தான்.

பிறகு திரை முழுக்க வெள்ளை.

சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. யன்னல் கண்ணாடி உள்ளே விழுந்தது.

மார்ச் 12

ஊரில் ஒருவருக்கும் காயமில்லை. ஓடுகள் உடைந்தன. எல்லா முற்றத்திலும் கறுப்புச் சாம்பல். ரொட்டிக் கடைக்காரி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13

தீயணைப்புப் படையினர் அத்தானை ஹெலியில் கொண்டுவந்தார்கள். நான் அடையாளம் காட்டினேன். வெடிப்பு ஆறிய அந்தக் கையைப் பார்த்து.

பெட்டி இருந்த இடமே தெரியவில்லை என்றார்கள். கல் மதில் அப்படியே நிற்கிறதாம். அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல் நிமிர்ந்தபடி இருந்ததாம்.

மார்ச் 17

பலெர்மோ. அடக்கம் முடிந்தது. தமிழ்ச் சங்க மண்டபத்தில் நிறையச் சனம். அத்தானோடு கோப்பை கழுவிய வங்காளிப் பெடியன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைப் பற்றித்தான் எப்போதும் கதைப்பார், என் மைத்துனன் விஞ்ஞானி என்பார், என்றான். நான் தொழில்நுட்பவியலாளன்தான். திருத்தவில்லை.

விசாரணைக்காரர் கேட்டார், வெடிக்கும்போது ஏன் அவர் பெட்டியடியில் நின்றார்?

பம்பில் கோளாறு, திருத்த வந்தார் என்றேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 24

நீக்கிய அளவுகளைப் பற்றி பியோரென்சாவிடம் எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நானும் கேட்டேன், நீ சொன்னாய், நான் விட்டுவிட்டேன்" என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று கிராப்பை அனுப்பியிருக்கிறார். எல்லாப் புள்ளிகளும் மீண்டும் சேர்த்தாயிற்று. கோடு ஏறி ஏறி, கடைசியில், வெடிப்புக்குச் சற்று முன் ஒரு கூர்மையான முனை. "இந்த முனையைப் பார். குமிழிகள் குழம்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட கணம். இவ்வளவு தெளிவாக யாரும் பதிவு செய்ததில்லை. இனி ஒருவரை இது காப்பாற்றும்."

காப்பாற்றாது. பம்பைக் கடைசியாக நான் ஓடவிட்டபோது அது உறிஞ்சியது எதை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 25

அந்த முனை மலையினுடையது அல்ல, நீக்கவும் என்று எழுதினேன்.

"உறுதியா?"

உறுதி. கற்பூரம்.

"எப்படித் தெரியும்?"

கமராப் பதிவில் இருக்கிறது என்று எழுதி, பதிவை இணைத்தேன். புள்ளி எரிகிற இடத்திலிருந்து வெட்டி இணைத்தேன். அதற்கு முன்னால் உள்ளது வாயுவோடு சம்பந்தப்பட்டதல்ல.

ஏப்ரல் 5

அக்காவோடு ரோசாலியா மலைக்கு நடந்தேன். அவள் வெறுங்காலோடு வந்தாள். மேலே குகைக் கோயிலுக்கு வெளியே, சனம் மெழுகுதிரி ஏற்றுகிற இடத்தில், கைப்பையைத் திறந்து கற்பூரப் பெட்டியை எடுத்தாள். நெருப்புக்குச்சியைத் தட்டத் தட்டக் காற்று அணைத்தது.

"கையால மறைச்சுப் பிடியடா."

பிடித்தேன். பற்றிக்கொண்டது.

"அங்க கடைசி நாளும் கொளுத்தேல்லை என்ன?" என்று கேட்டாள். "உனக்குச் சொன்ன சொல்லுக்காக."

"கொளுத்தினவர் அக்கா. கமராவில கண்டனான்."

அவள் முகம் மாறியது. இவ்வளவு நாளில் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையாவோ?"

"ஓம்."

"நீ ஏசினாப் பிறகும்?"

"ஓம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அப்ப அவருக்கு ஏதோ பட்டிருக்கு. சும்மா கொளுத்த மாட்டார், உன்ர சொல்லை மீறி. என்னத்தைக் கண்டாரோ. என்னத்துக்காகக் கொளுத்தினவர் எண்டு உனக்குத் தெரியுமோடா?"

சுடர் என் உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தது. கையை எடுக்கவில்லை. நான் நிற்பாட்டி நிற்பாட்டி ஓடவிட்ட பம்பு காதுக்குள் இரைந்தது.

"தெரியாது," என்றேன்.